முன்வரிசை ஜன்னல் சீட்டு

பேட்டை பொன்செல்விக்குக் கோட்டி பிடித்து மூளை கலங்கிவிட்டது என்று ஒரு வாரம் தெருவே பேசியது. பேசட்டுமே, அவரவர் வாய், அவரவர் சௌகரியம். விஷயம் இவ்வளவுதான். பம்பாயில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறாள். அவளுடைய ஆட்கள் உருளி, கரண்டி, அரிவாள்மணை எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறியாயிற்று. இவள் மட்டும் திருவனந்தபுரம் போய் பிளேன் ஏறப் போகிறாள். அதுவும் சும்மா பிளேன் இல்லை. முன்னால் திரை போட்டு மறைத்திருப்பார்களே, அந்த பிசினஸ் கிளாஸ்.

மகள் பிரியதர்ஷினி பாளையங்கோட்டையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவள். டிக்கெட் போடும்போதே கத்தினாள். "எம்மா, காசைக் கரியாக்காத. ரெண்டு மணி நேரத்துல போயி இறங்குத பிளேனு. சின்ன பிளேனும்மா, நடுவுல ஒத்த நடைபாதைதான் இருக்கும். முன்னால இருந்தாலும் பின்னால இருந்தாலும் ஒண்ணாத்தான் போயிச் சேரும்."

"ஒண்ணாப் போயிச் சேருதுன்னா எதுக்குட்டி திரை போடுதான்?" என்றாள் பொன்செல்வி.

மகள் தலையில் அடித்துக்கொண்டு டிக்கெட்டைப் போட்டாள். அந்தத் திரை நாலு வருசமாகத் தன் அம்மா மனசில் தொங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

நாலு வருசத்துக்கு முன்னால் டெல்லியில் ஒரு வளைகாப்புக்குச் சமைக்கப் போனபோதுதான் பொன்செல்வி முதன்முதலாகப் பிளேன் ஏறினாள். கடைசி வரிசை, நடு சீட்டு, முதுகுக்குப் பின்னால் கக்கூஸ் கதவு. பிளேன் மேலே போய் நிதானப்பட்டதும் ஒரு பெண்பிள்ளை வந்து முன்னால் இருந்த திரையைச் சர்ரென்று இழுத்து மூடினாள். செத்த நேரத்தில் அங்கேயிருந்து வாசம் வந்தது. எதையோ நெய்யில் சூடு பண்ணுகிறார்கள். சமையல்காரி மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா?

"அங்கன யாருக்கு பந்தி நடக்கு?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அது பிசினஸ் கிளாஸ். அவங்களுக்கு முதல்ல" என்றார் அவர், போனை விட்டுத் தலையைத் தூக்காமல்.

அவங்களுக்கு முதல்ல. இதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஐயா அவள் வளர்ந்ததே. கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே வாய்க்கால் கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு, அதுதான் அவள் பிறந்த இடம். ஆத்தாளும் அப்பனும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள். மடை திறந்தால் பெரிய வீட்டு வயலுக்கு முதல்ல. படித்துறையில் இறங்கினால் பெரிய தெருக்காரங்களுக்கு முதல்ல. கட்டிக்கொண்டவன் கைக்குழந்தையோடு இவளை விட்டுவிட்டுக் கண்ணை மூடினான். வயிறு கேட்குமா? கல்யாண வீடுகளில் ஆக்குப்புரை வேலைக்குப் போனாள். ஆக்குப்புரை என்றால் மண்டபத்துக்குப் பின்னால் தகரம் அடைத்துச் சமைக்கிற இடம். வெங்காயம் உரி, தேங்காய் துருவு, அண்டா தேய். அடுப்புப் பக்கம் போகலாம், கரண்டியைத் தொடக்கூடாது.

அங்கேயும் அதே வரிசைதான். முதல் பந்தி சம்பந்தி வீட்டுக்கு. இரண்டாவது சொந்தபந்தத்துக்கு. அப்புறம் ஊர், அப்புறம் மேளக்காரர், டிரைவர். எல்லாரும் ஏப்பம் விட்டு வெற்றிலை போட்ட பிறகு ஆக்குப்புரை ஆட்கள் அண்டாவைச் சரித்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சாம்பாரில் காய் இருக்காது. அவியல் இருந்த இடம் தெரியாது. பாயசத்தைச் சொல்லவே வேண்டாம். நெய்யில் வறுத்த முந்திரி மேலேதானே மிதக்கும்? முதல் பந்திக் கரண்டி அதை மேலாக மொண்டுகொண்டு போய்விடும். கடைசியில் வருகிறவளுக்கு அடியில் பிடித்த கருகல்தான்.

இசக்கித்தாய் என்று ஒருத்தி, பொன்செல்வியோடு முதல் நாளிலிருந்து ஆக்குப்புரையில் நிற்கிறவள். ஒவ்வொரு கல்யாணத்திலும் பாயசத் தம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, இன்னைக்கு முந்திரி ஒங் கண்ணுல பட்டுச்சா?" என்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன செய்ய, அழுதால் மட்டும் முந்திரி வந்துவிடுமா?

ஒரு கல்யாணத்தன்று காலையில் தலைச் சமையல்காரர் காய்ச்சலில் சுருண்டு படுத்துவிட்டார். கரண்டியை யார் எடுப்பது என்று ஆளாளுக்கு முழித்துக்கொண்டு நின்றார்கள். பொன்செல்வி எடுத்தாள். எடுத்தவள் பிறகு கீழே வைக்கவே இல்லை. இன்றைக்குப் பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டுப் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கிறாள். அவளை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது. தேதி கேட்டு டவுனிலிருந்து பெரிய வீட்டு ஆட்களே வந்து நிற்கிறார்கள். ஆனால் சாப்பாடு? இன்னமும் கடைசிப் பந்திதான். முதலாளியம்மா ஆனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

டெல்லிப் பிளேனின் கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் அவள் முடிவு செய்தாள். சாகிறதுக்குள் ஒரு தடவையாவது அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆக, அரக்குக் கலர் பட்டு உடுத்தி, தலைநிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறினாள். முன்வரிசைக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். அங்கே மொத்தமே இரண்டு வரிசை. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. இவளுக்கு முதல் வரிசையில் ஜன்னல் சீட்டு. கல்யாண நாற்காலி மாதிரி அகலம். முட்டுவலிக் காலை நீட்டினாள், நீண்டது. பணிப்பெண் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை போல. "வாங்கம்மா" என்று தமிழிலேயே கூப்பிட்டு, எலுமிச்சம் ஜூஸ் கொடுத்தாள்.

ஜூஸில் வாய் வைத்திருப்பாள், வாசலில் குமரகுருபரன் வந்து நின்றார்.

குமரகுருபரன் யாரென்றால், பம்பாய்க் கல்யாணமே அவர் வீட்டுக் கல்யாணம்தான். மகன் வயிற்றுப் பேத்திக்கு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லை டவுனில் நாலு கட்டு வீடு. ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் கண்ணுக்கெட்டின தூரம் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போய்விட்டது, மீசை முறுக்கு மட்டும் மிச்சம். அவர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பொன்செல்விதான் சமையல். அவரை ஐயா என்பாள். அவர் வாசலில் நின்றால் இவள் படிக்குக் கீழே நிற்பாள்.

அவர் அவளைப் பார்த்ததும் கேட்டது என்ன தெரியுமா?

"ஏ பொன்செல்வி, யாரு பையைக் கொண்டாந்து வச்சிட்டிருக்க? வச்சிட்டுச் சீக்கிரம் எறங்கு, கதவைச் சாத்திருவான்."

"என் பைதான்யா. நானும் பம்பாய்க்குத்தான் வாரேன்."

அவர் கையிலிருந்த போர்டிங் பாஸைப் பார்த்தார், மேலே எழுதியிருந்த நம்பரைப் பார்த்தார், மறுபடி போர்டிங் பாஸைப் பார்த்தார். அவருக்கு அவள் பக்கத்து இடம். வேறு வழி இல்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகம் கடுகடுத்தது.

"என் மவன் இங்கன ரெண்டு சீட்டு கேட்டான். ஏர்லைன்ஸ்காரன் ஒண்ணுதான் இருக்குன்னுட்டான். மத்தது யாருகிட்ட இருக்குன்னு இப்பல்லா தெரியுது. வேணி பாவம், பதினாலாவது வரிசையில கெடக்கா." வேணி அவருடைய மனைவி. "நீ ஒண்ணு செய்யி. பைய எந்திரிச்சு அங்கன போயி இரு. அவளை இங்கன வரச் சொல்லு. நம்ம வீட்டு ஆளுதானே நீ."

நம்ம வீட்டு ஆளு! இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. வேலை இருக்கும்போது வீட்டு ஆளு, இலை போடும்போது மட்டும் வெளி ஆளு.

ஆனால் பொன்செல்வியின் கை என்ன செய்தது தெரியுமா? தானாகப் பெல்ட்டைக் கழற்றப் போனது. உடம்பு பாதி எழுந்தும் விட்டது. அவர் சொல்லி அவள் செய்யாமல் இருந்ததே கிடையாது. பாதியில் நின்றவள் கையைப் பார்த்தாள். சவத்துக் கை! உனக்கு யார் எழுந்திருக்கச் சொன்னது என்று அதை மனசுக்குள் வைதுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இல்லைய்யா. நான் எந்திரிக்கல."

"என்னது?"

"அக்காவை முன்னால உக்கார வைக்கணும்னா ஒங்க சீட்டைக் குடுங்களேன். எனக்கு ஒண்ணுமில்ல. அக்கா எம் பக்கத்துல இருக்கட்டும், பேசிக்கிட்டே போவோம்."

நடைபாதைக்கு அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பின்னால் தோள் குலுங்கியது. குமரகுருபரனுக்குக் காது சிவந்துவிட்டது.

"எனக்கு முட்டு வலி" என்றார்.

"எனக்கும் முட்டு வலிதான்யா. ஒங்க வீட்டு அடுப்படியில நின்னு வந்ததுதான்."

அவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ நீட்டி முழக்கினார். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்களா விரும்பி மாறினா மாறலாம் சார், இல்லைன்னா முடியாது" என்று சொல்லி, பொன்செல்வி பக்கம் குனிந்தாள். "மாறுறீங்களாம்மா?"

"இல்ல தாயி. நான் இங்கனயே இருக்கேன்."

கதவைச் சாத்தினார்கள். பிளேன் நகர்ந்தது. குமரகுருபரன் நேராகப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "பம்பாயில எறங்கினதும் ஒன் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பிரு. சமையலுக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன். டவுன்ல இனி எந்த வீட்டுக்கும் நீ வேலைக்குப் போக மாட்ட. பாத்துக்க."

பிளேன் ஓடி மேலே எழும்பியது. கீழே கடலும் தென்னையும் சாய்ந்து போயின. எதையும் அவள் பார்க்கவில்லை. பயந்துவிட்டாள். அதில் என்ன ஒளிவுமறைவு? ஆட்கள் அந்நேரம் ரயிலில் இருந்தார்கள். இசக்கித்தாய்க்கு அடுத்த மாசம் மகளுக்கு நிச்சயம். மற்றவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். பம்பாய் வரை போய்ச் சமைக்காமல் திரும்பி வந்தாள் என்று டவுனில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அப்புறம் யார் தேதி கேட்டு வரப்போகிறார்கள்?

எந்திரிச்சுப் போயிருட்டி, ரெண்டு மணி நேரம்தானே, ஒடம்பு தேஞ்சா போயிரும் என்று ஒரு மனசு சொன்னது. போனா அம்புட்டுதான், இனி ஆயுசுக்கும் எந்திரிச்சுக்கிட்டேதான் இருக்கணும் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டு மனசையும் மல்லுக்கட்ட விட்டுவிட்டு அவள் பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டாள்.

செத்த நேரத்தில் பணிப்பெண் வந்து, திரையைச் சர்ரென்று இழுத்து மூடினாள்.

இந்தத் தடவை திரைக்கு இந்தப் பக்கம் பொன்செல்வி இருந்தாள். முன்னால் பலகையை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, பனீரில் ஒரு குழம்பு, ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் இனிப்பு. உப்பு ஒரு கல் குறைச்சல்தான். அது போகட்டும். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சாம்பார் வாளி எங்கே என்று கத்தவில்லை. ரசம் பத்தவில்லை, ஓடு ஓடு என்று விரட்டவில்லை. ஒருத்தி வந்து இவளிடம், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாம்மா" என்று கேட்டாள். பொன்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "வை தாயி" என்றாள். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

பைய, ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டாள். பாலினிப்பில் ஒரு முந்திரி கிடந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருந்து வாயில் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் வெள்ளைத் துணியை, இலையை மடிக்கிற மாதிரியே தன் பக்கமாக மடித்தாள். தலையைத் தூக்கினால், இரண்டாவது வரிசைக்காரர் ஒருத்தர் எழுந்து வந்து, அவள் வரிசைச் சீட்டு முதுகில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கல்யாண மண்டபத்தில் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒருத்தர் பாயசம் குடிக்கும்போதே அடுத்த பந்திக்காரர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுவிடுவார். எழுந்திருக்கும் வரை நகரமாட்டார். எத்தனை ஆயிரம் பந்தியில் அதைப் பார்த்தவள் இவள்! பிளேனில் ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அறிவுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றி, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் சாப்ட்டாச்சு சார். வாங்க, உக்காருங்க."

அந்த மனுசன் ஒன்றும் புரியாமல் முழித்தார். குமரகுருபரனுக்கோ முகத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி ஆயிற்று.

"அப்படி வா வழிக்கு! ஏம்மா, பதினாலாவது வரிசையில என் வீட்டம்மா இருக்காங்க, கூட்டிட்டு வா. இவ எந்திரிச்சுட்டா."

பணிப்பெண் ஓடி வந்தாள். "என்னம்மா, ஏன் எந்திரிச்சீங்க? ஏதும் வேணுமா?"

"பந்தி முடிஞ்சுட்டுல்லா தாயி. அடுத்த ஆளு நிக்காவ."

அந்தப் பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாகர்கோவிலிலும் இதே பந்தி, இதே நாற்காலிதானே, சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு, பையை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"அவரு பாத்ரூமுக்கு நிக்காரும்மா. இது கல்யாண வீடு இல்ல. சாப்பிட்டு முடிச்சாலும் இது ஒங்க எடம்தான். எறங்குற வரைக்கும் ஒங்க எடம். யாருக்கும் எந்திரிக்க வேண்டாம்."

பொன்செல்வி உட்கார்ந்தாள். எறங்குற வரைக்கும் ஒங்க எடம். இப்படி ஒரு வார்த்தையை அவள் ஆயுசில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிற்று. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. நல்ல கோபம், சமையலுக்கு அடுப்பு பற்றிக்கொண்ட மாதிரி.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள்.

குமரகுருபரன் திரும்பவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

"ஒங்களைத்தான் அண்ணாச்சி. அக்காவைக் கூப்பிட வேண்டாம். பழக்கதோசத்துல எந்திரிச்சுட்டேன். இனி எந்திரிக்க மாட்டேன்."

"யாரு யாருக்கு அண்ணாச்சி?" என்று உறுமினார் அவர்.

டவுனில் பலசரக்குக் கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்கிறது. இவரை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் என்ன, மீசை உதிர்ந்துவிடுமா? பொன்செல்வி சீட்டோரம் கையால் துழாவினாள். கைப்பிடியில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். சீட்டு பின்னால் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பம்பாயில் பெட்டி வருகிற இடத்தில் வேணி இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டாள். வாடி வதங்கியா வந்தாள்? முகமெல்லாம் தெளிச்சி.

"பொன்செல்வி, நீயும் இதுலதான் வந்தியா? நல்லாத் தூங்கிட்டேன் பாரு. பக்கத்துல கொறட்டை இல்லாம இப்படித் தூங்கி எத்தனை வருசமாச்சு!"

அந்நேரம் பொன்செல்வியின் போன் அடித்தது. இசக்கித்தாய். "யக்கா, ரயிலு வந்துட்டு. எல்லாரும் சாமானோட நிக்கோம். எங்கன வரணும்?"

"அங்கனயே நில்லுங்க. சொல்லுதேன்" என்று போனை வைத்தாள் பொன்செல்வி.

"ஏன், மண்டபத்துக்கு வரச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் வேணி.

"அண்ணாச்சி எங்களைத் திரும்பிப் போகச் சொல்லிட்டாவ, அக்கா. முன்சீட்டை விட்டு நான் எந்திரிக்கலைன்னு."

வேணி புருசனைப் பார்த்தாள். அவர் பெட்டி வருகிற பக்கம் ரொம்ப மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாளைக்கு மத்தியானம் நம்ம ஆளுக அத்தனை பேரும் எலையில வந்து உக்காருவாங்க. யாரு சமைப்பா? நீங்களா? ஒங்களுக்கு வெந்நி வைக்கத் தெரியுமா?"

"நான் ஏதோ ஒரு கோவத்துல சொன்னேன்" என்றார் குமரகுருபரன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலைத் தேடி எடுத்தார். "சரி சரி. ஆளுகளை வரச் சொல்லு. போயி சோலியப் பாரு."

பழைய பொன்செல்வியாக இருந்தால் சரிங்கய்யா என்று ஓடியிருப்பாள். அவர் விட்டுக்கொடுத்ததே பெரிய கிருபை என்று இசக்கித்தாயிடமும் சொல்லியிருப்பாள். இவள் நகரவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"வாரோம் அண்ணாச்சி. ஆனா ஒரு பேச்சு இருக்கு. நாளைக்கு மத்தியானம் முதல் பந்தியில என் ஆளுக உக்காருவாங்க. நானும் உக்காருவேன்."

"சமையல்காரங்க முதல் பந்தியிலயா? சம்பந்தி வீடு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"நாளைக்கு ஒங்க வீட்டு ஆளுக மட்டுந்தான். சம்பந்தி வீடு மறுநாள்தான் வருது. நீங்கதானே சொன்னிய, நான் ஒங்க வீட்டு ஆளுன்னு?"

அவர் வேறு கொக்கி போட்டார். "பரிமாறுதது யாரு?"

"ஒங்க பேரமாரு இளவட்டங்க இருக்காங்கல்லா. கையில வாளியைக் குடுங்க. கத்துக்கிடட்டும்."

"ஓரத்துல ஒரு வரிசை போட்டுக்கோங்க. அம்புட்டுதான்."

"ஓரம் வேண்டாம் அண்ணாச்சி. முன்வரிசை."

போன் மறுபடி அடித்தது. பொன்செல்வி அதை எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டேன் என்று அவர் சொன்னால் அடுத்த ரயிலுக்கு எல்லாரையும் ஏற்ற வேண்டியதுதான். ஆனாலும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் வேணிதான் அந்தப் போனைப் பிடுங்கி எடுத்தாள். "இசக்கித்தாயா? நான் வேணி பேசுதேன். வண்டியைப் பிடிச்சு மாட்டுங்காவுல இருக்க மண்டபத்துக்கு வந்திருங்க எல்லாரும்." குமரகுருபரன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். முன்வரிசை முழுக்க ஆக்குப்புரை ஆட்கள். கையைக் கழுவி, தலையைக் கோதி, வெட்கமும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேருக்குச் சட்டை மாற்றக்கூட நேரமில்லை, மஞ்சள் கறையோடேயே உட்கார்ந்துவிட்டார்கள். பம்பாய்ப் பேரன்மார் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு தடுமாறினார்கள். ஒருத்தன் அவியலுக்கு மேலேயே ரசத்தை ஊற்றினான். அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்கள். சூடாக இருந்தது, காயோடு இருந்தது, அவியல் இருந்த இடம் தெரிந்தது.

இசக்கித்தாய்தான் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைகிறாள், வாய்க்குப் போகவில்லை. கண் ஆக்குப்புரைப் பக்கமே ஓடுகிறது. அந்நேரம் வீட்டு ஆள் ஒருத்தர், இடமில்லாமல் வந்தவர், அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அவ்வளவுதான், இசக்கித்தாய் எச்சில் கையோடு விருட்டென்று எழுந்துவிட்டாள்.

பொன்செல்வி அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காருட்டி. எலையை மடிக்குத வரைக்கும் இது ஒன் எடம். யாருக்கும் எந்திரிக்க வேண்டாம்."

இசக்கித்தாய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நாற்காலி நிறைய உட்கார்ந்தாள்.

பாயசம் வந்தது. பேரன்மார் கை ஓய்ந்துபோனதால் வேணி வாளியைத் தூக்கி வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. குமரகுருபரன் யார் முகத்தையும் பார்க்காமல், வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். பொன்செல்விக்கு ஊற்றினார். இசக்கித்தாய் முன்னால் வந்து நின்று, கரண்டியை வாளிக்குள் ஆழமாக விட்டார்.

இசக்கித்தாய் தம்ளரைக் கையால் மூடினாள். நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அடியில கிண்டாதிய அண்ணாச்சி. மேலால மொண்டு ஊத்துங்க. முந்திரி அங்கனதான் மெதக்கு."